கணக்கில் ஏறாத செலவு

புதுக்கடை என்ற பெயரைக் கேட்பவர் அங்கே ஏதோ வாணிபம் நடக்கிறது என்று எண்ணுவாராயின், அவ்வெண்ணம் பெரிதும் பிழையன்று. 1656இல் கொழும்புக் கோட்டை முற்றுகையிடப்பட்டபோது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ற்றின் பெயரால் ஆங்கில ஏடுகளில் ஹல்ஸ்டோர்ப் என வழங்கும் இவ்விடத்தைத் தமிழரும் சிங்களவரும் தத்தம் மொழியில் புதிய கடை என்றே அழைத்து வருகின்றனர். நீதிமன்றங்கள் நிறைந்த அத்தெருக்களில் பெரும்பாலும் விற்கப்படுவது எழுத்துத்தான். மனு, முறைப்பாடு, சத்தியக் கடதாசி, காணி உறுதி, அவற்றின் பிரதி, பிரதியின் பிரதி. இவை ஒவ்வொன்றுக்கும் விலையுண்டு. அவ்விலைகள் ஒரே நியாயத்தின்படி அமைந்தவையுமல்ல. தட்டெழுத்தாளர் பக்கத்துக்கு இவ்வளவென்று வாங்குகிறார். உறுதி முடிக்கும் நொத்தாரிசு காணியின் பெறுமதியை நோக்கித் தமது கட்டணத்தைச் சொல்லுகிறார். அரசாங்கமும் அவ்வழியிலேயே முதல் ஓரிலட்சத்துக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமுமாக முத்திரை வரியை அறவிடுகிறது. சட்டத்தரணியோ தமது பெயருக்கு வாங்குகிறார். உழைப்புக்கு ஒரு விலை, பொருளுக்கு ஒரு விலை, புகழுக்கு ஒரு விலை என மூன்றும் ஒரே கோப்பினுள் ஒரே நூலால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. எவரும் அதைப் பற்றி வியப்பதில்லை.

டாம் வீதியோரத்துக் கட்டடமொன்றின் தாழ்வாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தட்டெழுதி வருபவர் ஒருவர் இருக்கிறார். வடமராட்சியிலிருந்து இருபது வயதில் கொழும்புக்கு வந்தவர். 1983 யூலையில் அவருடைய முதலாவது தட்டெழுத்துப் பொறி எரிந்துபோயிற்று. மறு ஆண்டு தவணைக்கு வேறொன்றை வாங்கிக்கொண்டு அதே தாழ்வாரத்துக்குத் திரும்பியவர், பக்கத்துக்கான கூலியை ஒரு சதமேனும் கூட்டவில்லை. "பொறி எரிஞ்சது என்ர துன்பம். மனுக் கொண்டு வாறவன் அதுக்கு ஏன் காசு தரவேணும்?" என்பது அவருடைய வாதம். ஆயினும் அதே மனிதரிடம், பத்து நிமிடத்தில் முடிந்த வேலைதானே, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா என்று எவரேனும் கேட்டுவிட்டால், அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கேட்டவரை ஒருமுறை பார்ப்பார், குறைக்கமாட்டார். விலை பக்கத்துக்கே உரியது. பொறிக்குமன்று, விரலின் வேகத்துக்குமன்று. இன்று பொறியிருந்த இடத்தில் கணினியொன்று இருக்கிறது. கொள்கை மாறவில்லை.

அவருடைய இளைய மகனுக்கு நேர்ந்த இக்கட்டு இக்கொள்கைக்கு அடங்காததாயிருந்தது. அவன் ஒரு கணினி விளையாட்டைச் செய்து முடித்திருந்தான். அதற்கு விலை வைக்க வேண்டியிருந்தது.

2022இல் நாடு வங்குரோத்து அடைந்த வேளையில் அவன் வேலை செய்த சிறிய மென்பொருள் நிறுவனம் மூடப்பட்டது. பகலில் தந்தையின் தாழ்வாரத்தில் கணினித் தட்டெழுத்துக்கு உதவினான். இரவில் விளையாட்டைச் செய்தான். ஒல்லாந்தர் காலத்தில் விரிவாக்கப்பெற்ற மேற்குக் கரைக் கால்வாய்களின் வழியே சரக்குத் தோணியொன்றைக் கொழும்பிலிருந்து புத்தளம் வரை கொண்டுசெல்லும் விளையாட்டு அது. சரக்கை எவ்வாறு அடுக்குவது, எங்கே இறக்குவது, நீர் வற்றிய இடத்தில் எதைக் கைவிடுவது என்பனவே அதன் சிக்கல்கள். துப்பாக்கியில்லை, ஓட்டமில்லை. அதிலே கேட்கும் நீரொலி சென்ற் செபஸ்தியன் கால்வாயோரத்தில் விடியற்காலை நான்கு மணிக்குப் பதிவு செய்யப்பட்டது. அந்நேரத்திலும் புகுந்துவிட்ட பஸ் ஹோன்களை ஒவ்வொன்றாக வெட்டியெறிய அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. முதல் ஆறு மாதங்களில் மின்வெட்டு வேளைகளில் மெழுகுதிரி வெளிச்சத்திற் கொப்பியில் எழுதிவைத்து, மின்சாரம் வந்தபின் கணினியில் ஏற்றினான். 2022 ஓகஸ்டில் தொடங்கியது 2024 டிசெம்பரில் முடிந்தது. ஒருவர் ஆடி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும்.

இத்தகைய விளையாட்டுகளை உலகெங்கும் விற்றுத் தரும் இணையச் சந்தைகளுள் பெரியது அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் என்பதாகும். அங்கே ஒரு விளையாட்டை வைப்பதற்கு 100 டொலர் கட்ட வேண்டும். விற்பனை 1,000 டொலரை எட்டினால் அது திரும்பக் கிடைக்கும். விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் 30 வீதம் சந்தைக்காரருக்கு. 100 டொலர் என்றால் ஏறத்தாழ முப்பதாயிரம் ரூபா. அதைக் கட்டி, படங்களை ஏற்றி, விவரங்களை எழுதி முடித்தபின் இறுதியாக ஒரு வெற்றுக் கட்டம் எஞ்சியிருந்தது. அதில் எண்ணொன்றை இட வேண்டும். மூன்று கிழமையாக அவன் அதை இடவில்லை.

கொட்டாஞ்சேனையிலுள்ள நண்பனொருவனிடமே முதலிற் கேட்டான். விளையாட்டுகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. "அவன் இருநூறு மில்லியன் போட்டவன், எழுபது கேக்கிறான். நீ ஒண்டும் போடாம பத்துக் கேக்கிறது எப்பிடி மச்சான்? இரண்டு டொலருக்குக் குடு, இல்லாட்டிச் சும்மா குடு" என்றான் நண்பன். பகையினாற் சொன்ன சொல்லன்று. விளையாட்டின் விலை அதற்கு ஆன செலவையும் அதன் தயாரிப்பின் பொலிவையும் காட்ட வேண்டும் என்பது விளையாடுவோரிடையே பரவலாக உள்ள கருத்து. கேட்டவுடன் நியாயமாகவும் தோன்றும். தோன்றியதனாலேயே அது அவனை மூன்று கிழமை உறங்கவிடவில்லை.

நண்பன் சொன்ன இருநூறு மில்லியன் கற்பனைக் கணக்கல்ல. 2023 யூனில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றமொன்றில், மைக்ரோசொஃப்ற் நிறுவனம் அக்ரிவிஷன் பிளிசார்ட்டை வாங்குவதைத் தடுக்கக் கோரி அமெரிக்க அரசின் வாணிப ஆணைக்குழு தொடுத்த வழக்கின்போது சோனி நிறுவனத்தின் ஆவணங்கள் சில முன்வைக்கப்பட்டன. இரகசியமான எண்களைக் கறுப்பு மைப்பேனையால் அடித்திருந்தார்கள். அத்தாள்களைக் கணினியில் வருடியபோது மையின் அடியிலிருந்த எழுத்துகள் தெரிந்துவிட்டன. 2020இல் வெளிவந்த 'த லாஸ்ற் ஒவ் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 220 மில்லியன் டொலரும், 2022இல் வெளிவந்த 'ஹொரைசன் ஃபோபிடன் வெஸ்ற்' என்பதற்கு 212 மில்லியன் டொலரும் ஆயிற்று என்பதை உலகம் அறிந்துகொண்டது இவ்வாறுதான். மகன் இதைச் சொன்னபோது தட்டெழுத்தாளர் வாய்விட்டுச் சிரித்தாராம். மையால் அடித்த தாளை அப்படியே கொடுக்கக் கூடாது, அடித்தபின் ஒரு பிரதியெடுத்து அந்தப் பிரதியைக் கொடுக்க வேண்டும் என்பது புதுக்கடைத் தாழ்வாரத்தில் நேற்று வந்த பொடியனுக்கும் தெரிந்த பாடமன்றோ!

இருநூறு பேர் ஐந்தாறு ஆண்டு உழைத்தால் அவர்களுடைய சம்பளமே மலைபோற் குவியும் என்பதில் ஐயமில்லை. பெரிய நிறுவனங்களின் தரப்பிலும் ஒரு வாதமுண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. 2005-2006 அளவில் அமெரிக்காவில் 60 டொலராக நிலைத்த விலை பதினைந்து ஆண்டுகள் அசையாதிருந்தது. 2006இன் 60 டொலருக்கு நிகரான தொகை 2024இல் 90 டொலரைத் தாண்டும். ஆகவே 2020இல் அது 70 ஆனபோதும், 2025இல் நின்ரெண்டோ தனது 'மரியோ கார்ட் வேர்ல்ட்' விளையாட்டுக்கு 80 கேட்டபோதும், அமெரிக்கரைப் பொறுத்தவரை அது முழுமையான ஏற்றமெனக் கூறுதல் இயலாது. கொழும்பிலிருந்து நோக்குமிடத்துக் கதை வேறு. 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவாயிருந்தபோது 60 டொலர் 12,000 ரூபா. டொலர் 300 ரூபாவாகவும் விளையாட்டு 70 டொலராகவும் ஆனபின் அதே வரிசைப் பொருள் 21,000 ரூபா. அந்த ஒன்பதாயிரத்தில் விளையாட்டின் செலவும் பொலிவும் எவ்வளவு பங்கு என்று கேட்டால் விடை மிகச் சொற்பமே. மிகுதியெல்லாம் வேறு மேசைகளில் நடந்த தவறுகளின் விலை.

செலவு மிகுந்தால் பெறுமதி மிகும் என்பதற்குச் சரித்திரமும் சாட்சி சொல்லவில்லை. 1982இல் அடாரி நிறுவனம் 'ஈ.டி.' திரைப்படத்தை விளையாட்டாக்கும் உரிமைக்கு 20 மில்லியன் டொலருக்கு மேற் கொடுத்ததாகக் கூறப்படுகிறது. விளையாட்டைச் செய்தவருக்கோ கிடைத்தவை ஏறத்தாழ ஐந்து கிழமைகள். பணம் பெயருக்குப் போயிற்று, பொருளுக்குப் போகவில்லை. விற்காத பெட்டிகள் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டன. 2014இல் அவற்றைத் தோண்டியெடுத்தும் காட்டினார்கள். அண்மைக் காலத்தில் சோனி நிறுவனம் 'கொன்கோட்' என்ற விளையாட்டை 2024 ஓகஸ்ட் 23இல் 40 டொலருக்கு வெளியிட்டுச் செப்டெம்பர் 6இல் மூடி, வாங்கியவர்க்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மார்க்ஸ் 1867இல் மூலதனத்தின் முதற் பாகத்தில் இதையொத்த ஐயத்துக்கு விடை கூறியிருக்கிறார். சோம்பேறி நெசவாளி கூடுதலான நேரம் எடுத்தான் என்பதனால் அவன் துணி கூடுதலான பெறுமதி பெறாது. சமூகரீதியில் அவசியமான உழைப்பு நேரமே கணக்கு. ஆனால் ஒரேயொரு முறை செய்துவிட்டு, செலவேதுமின்றி இலட்சம் பிரதி எடுக்கக்கூடிய பண்டத்துக்கு அவசியமான உழைப்பு நேரம் யாது? அந்த இடத்தில் மார்க்சைக் கொண்டு நண்பனை மடக்க இளைஞனால் இயலவில்லை. தந்தையின் பக்கக் கணக்கும் அங்கே கைகொடுக்கவில்லை. தட்டெழுதிய பக்கம் ஒருவருக்கே போய்ச்சேரும். தோணி எத்தனை பேரிடம் போகுமென்று எவர் அறிவார்?

செலவைக் கொண்டு விலையை நிர்ணயிக்கும் கொள்கையை ஓர் அரசாங்கமே சட்டமாக்கிப் பார்த்ததுண்டு. அது விளையாட்டில் அன்று, சினிமாவில். ஆந்திரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரலில் திரையரங்கக் கட்டணங்களுக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. கிராமத்துக் கொட்டகையின் கீழ்வகுப்புக்கு 5 ரூபா என்ற அளவுக்கு அது இறங்கிற்று. திரையுலகத்தார் கொதித்தெழுந்தனர். 2022 மார்ச்சில் வந்த திருத்தப்பட்ட ஆணை, 100 கோடி ரூபாவுக்கு மேற் செலவிட்ட படங்களுக்கு முதற் பத்து நாட்களுக்குக் கூடுதலான கட்டணத்தை அனுமதித்தது. அதில் வாசிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அந்த 100 கோடியைக் கணக்கிடும்போது கதாநாயகன், கதாநாயகி, இயக்குநர் ஆகியோரின் சம்பளத்தைச் சேர்க்கலாகாது. அதாவது, செலவுக்கேற்ற விலை என்று தொடங்கிய அரசாங்கம் அடுத்த வரியிலேயே, எந்தச் செலவு என்று கேட்க வேண்டியதாயிற்று. நாயகனின் சம்பளம் படச் செலவா, அன்றி அவன் புகழுக்குக் கொடுத்த கப்பமா? புதுக்கடையில் ஒரே கோப்பில் அமைதியாகக் கிடக்கும் மூன்று விலைகளையும் ஆந்திர அதிகாரிகள் பிரித்தெடுக்க முயன்றார்கள் எனலாம்.

எந்தச் செலவு என்ற அவ்வினாவை இளைஞன் கீழிருந்து கேட்டுப் பார்த்தான். மேலே சேர்க்கக் கூடாத செலவுகள் இருந்தால், கீழே சேர்க்காமல் விடப்பட்ட செலவுகளும் இருத்தல் வேண்டும். எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் 'ஸ்டார்டியூ வலி' என்ற விளையாட்டைத் தனியொருவராக நாலரை ஆண்டு செய்து 2016இல் 14.99 டொலருக்கு விற்கத் தொடங்கினார். அக்காலத்தில் ஒரு திரையரங்கில் வாயிற்பணியாளராகவும் வேலை பார்த்தார். வாழ்வைத் தாங்கியது பெரிதும் அவருடைய துணைவியின் உழைப்பே. சம்பளப் பட்டியலென்று எதுவுமில்லை; ஆகையால் செலவும் இல்லை என்பதா? 2020இல் இந்தியாவின் பூனா நகரிலிருந்து வந்த 'ராஜி' என்ற விளையாட்டுக்காக நிறுவனர்களுள் ஒருவர் தமது குடியிருப்பையே விற்றார். அதற்கு முன் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி தோற்றிருந்தது. பெரிய நிறுவனத்தின் கணக்கில் ஒவ்வொரு மணித்தியாலமும் டொலராகப் பதிவாகிறது. சிறியவனின் மணித்தியாலங்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. செலவின் அளவுக்கு விலை என்பார் உண்மையிற் சொல்வது, சம்பளம் கொடுக்கப்பட்ட உழைப்புக்கு விலையுண்டு, கொடுக்கப்படாத உழைப்புக்கு இல்லை என்பதேயாகும்.

தமிழர்க்கு இதில் அண்மையான உதாரணம் 'வெண்பா'. கனடாவின் ரொறன்ரோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 யூலை 31இல் வெளியிட்ட விளையாட்டு. 1980களின் இறுதியிற் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்று. தாயின் பெயர் வெண்பா. அவளுடைய தாயார் கொடுத்த சமையற் குறிப்பேட்டின் எழுத்துகள் அழிந்து கறைபட்டிருக்கின்றன. விடுபட்ட படியை ஊகித்து இட்டலியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம். வளர வளர மகன் தமிழிலிருந்து விலகிப் போகிறான். வேறு கதையில்லை. பின்னணியில் தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலங்களை நினைவூட்டும் பாடல்கள் ஒலிக்கின்றன. விலை 14.99 டொலர், ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குப் பதினைந்து டொலரா என்று முணுமுணுத்தோர் பலர். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரித்தானியத் திரைக் கழகமாகிய பாஃப்ராவின் அறிமுக விளையாட்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தன. முணுமுணுப்பு அதனால் நின்றுவிட்டது என்று சொல்வதற்கில்லை.

நேரத்தை அளவுகோலாக்கும் இவ்வழக்கம் சிறியோரைக் குத்தும் இன்னொரு முனையும் உண்டு. ஸ்டீம் சந்தையில் வாங்கிய பதினான்கு நாட்களுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குக் குறைவாயின், காரணம் சொல்லாமலே பணத்தைத் திரும்பப் பெறலாம். வாங்குவோர்க்கு நல்ல பாதுகாப்பு. ஆனால் 'வெண்பா'வை முழுவதும் ஆடி, கண் கலங்கி, அதன்பின் பணத்தையும் திருப்பிக் கேட்க அவ்விதி இடங்கொடுக்கிறது. சோற்றை உண்டுவிட்டு இலையைக் காட்டிக் காசைத் திருப்பிக் கேட்பது போன்றதிது. அதனால் சிலர் வேண்டாத நீளத்தைச் சேர்க்கிறார்கள். பக்கக் கூலிக்காகச் சொற்களைப் பெருக்கும் மனு எழுத்தாளர் புதுக்கடையிலும் இருந்திருக்கிறார்கள். தட்டெழுத்தாளருக்கு அவர்களைப் பிடிக்காது.

நண்பன் விட்டுக்கொடுக்கவில்லை. 2025 செப்டெம்பர் 4இல் வெளியான 'ஹொலோ நைட்: சில்க்சோங்' அவனுக்குக் கிடைத்த துருப்புச் சீட்டு. அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரத்துச் சிறு குழுவான ரீம் செரி ஏழு ஆண்டுகள் செதுக்கிய விளையாட்டு. வெளியான வேளையில் நெரிசலால் இணையச் சந்தைகளே தடுமாறின. விலை 20 டொலர். "ஏழு வருசம், இவ்வளவு பெரிசு, இருபதுதான். அப்ப உன்ர தோணிக்கு?" என்றான். அவ்வினா உலகின் வேறு பல மூலைகளிலும் எழுந்தது. இனித் தங்கள் விளையாட்டுகளுக்கு எவர் அதே விலை கொடுப்பார் என்று சிறு தயாரிப்பாளர் சிலர் வெளிப்படையாகவே கவலைப்பட்டனர். ஆனால் 2017இல் வந்த முதலாவது 'ஹொலோ நைட்' 15 மில்லியன் பிரதிகள் விற்றிருந்தது என்பதை நண்பன் மறந்துவிட்டான். அந்த ஏழு ஆண்டுகளின் சோற்றுக்கும் வாடகைக்கும் முன்பே பணம் வந்தாயிற்று. மலிவாகக் கொடுப்பதற்கும் ஒரு முதல் வேண்டும். அது டாம் வீதித் தாழ்வாரத்தில் இல்லை.

இளைஞனைச் சுட்ட நினைவு வேறொன்று. சிறுவனாயிருந்தபோது அவன் ஆடிய விளையாட்டுகளெல்லாம் திருட்டுப் பிரதிகளே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புதுக்கடைப் புத்தகக் கடைகளில் விற்பனைக்கிருந்தது. இறுவட்டுகளும் காலி வீதிக் கடைகளில் விற்பனைக்கிருந்தன. எந்த விளையாட்டென்றாலும் நூறு ரூபாவைச் சுற்றிய விலை. கோடிக்கணக்கிற் செலவானதும் ஐவர் சேர்ந்து செய்ததும் ஒரே பெட்டியில் ஒரே விலைக்குக் கிடந்தன. உலகில் வேறெங்கும் காணவியலாத சமத்துவம்! அந்நூறு ரூபாவில் ஒரு சதமும் செய்தவனைச் சேரவில்லை என்பதை அவன் அன்று எண்ணிப் பார்த்ததில்லை. முழு விலை அவனுடைய வீட்டுக்கு எட்டாத விலை என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று அழிக்காமல் அவனுள்ளே அருகருகே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை இரவொன்றில் அக்கா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தமர்ந்தாள். வெள்ளவத்தையில் கணக்காய்வு நிறுவனமொன்றில் வேலை செய்பவள். "செலவெண்டா கையை விட்டுப் போன காசு மட்டும் இல்லைத் தம்பி" என்று தொடங்கினாள். உயர்தரப் பொருளியலில் அமையச் செலவு என்று படித்ததை அவள் தம்பிக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. ஒன்றைத் தெரிந்தெடுத்ததனாற் கைவிட்ட மற்றதன் பெறுமதி. இருபத்தெட்டு மாதம்; ஏறத்தாழ 850 இரவுகள்; இரவுக்கு மூன்று மணி நேரமென்றால் 2,550 மணித்தியாலங்கள். மணிக்கு என்ன போடுவது என்று அவள் கேட்டபோது அவன் வாய் திறக்கவில்லை. பாயில் படுத்திருந்த தந்தைதான், "முந்நூறு போடு. கூலி வேலைக்குப் போறவனுக்கு இதைவிடக் கிடைக்கும்" என்றார். மணிக்கு முந்நூறு ரூபா; டொலரும் முந்நூறு ரூபா. ஆகவே 2,550 டொலர். சந்தைக்காரரின் 30 வீதம் கழிந்தால் 9.99 டொலரில் ஏறத்தாழ 7 டொலர் கையில் வரும். 365 பேர் வாங்கினால் கூலி மீளும். 4.99 டொலரானால் 730 பேர் வேண்டும். ஸ்டீம் சந்தையில் 2024இல் மட்டும் 18,000க்கு மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்தன; அவற்றுள் 730 பேரைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. சும்மா கொடுத்தால் எத்தனை பேர் என்ற வினாவே இல்லை.

அதன்கீழ் அவள் மின் கட்டணம் என்று எழுதினாள். 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் ஏறிய காலத்தில் ஓர் அறையின் விளக்கும் கணினியும் இரவிரவாக எரிந்தன. அதையும் கட்டி வந்தவள் அவளே. அடுத்து, விட்டுப்போன சம்பளம் என்று எழுதி எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுத் தம்பியிடம் பேனையை நீட்டினாள். 2023இல் அவனுக்கு ஒரு முழுநேர வேலை கிடைத்தது. விளையாட்டு பாதியில் நின்றதனால் அவன் அதற்குப் போகவில்லை. அவன் பேனையை வாங்கினான், எதுவும் எழுதவில்லை.

தந்தை எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் பிறர் எழுதியதை எழுத்துப் பிசகாமற் பார்த்துப் பழகிய கண்கள். மேலிருந்து கீழாக ஒரு முறை வாசித்துவிட்டு, "உன்ர சோதினைக் காசு எங்க பிள்ளை?" என்று மகளைக் கேட்டார். பட்டயக் கணக்காளர் பரீட்சையின் இரண்டு அமர்வுகளுக்கு அவள் விண்ணப்பிக்கவில்லை என்பதும், அந்தப் பணம் வீட்டு வாடகைக்குப் போயிற்று என்பதும் இளைஞனுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அது இந்தக் கணக்கில வராதப்பா" என்றாள் அவள். "ஏன் வராது?" என்றார் அவர். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. தமது பொறி எரிந்த துன்பத்தை மனுக் கொண்டு வந்தவனின் தலையில் ஏற்ற மறுத்த அந்த மனிதர், தம் மகளின் இரண்டு பரீட்சைகளை மட்டும் தாளில் ஏற்றியே ஆகவேண்டும் என்று நின்றார். இதில் முரண்பாடு உண்டென்று காட்டுவது எளிது. அவரைப் பொறுத்தவரை அது விலைக்கான கணக்கன்று. வீட்டில் எவர் எதைக் கொடுத்தார் என்பதற்கான கணக்கு. அவ்வரியை அவரே தம் கையால் எழுதினார்.

அத்தாளை நண்பனுக்குக் காட்டுவதில்லை என்று இளைஞன் முடிவு செய்தான். காட்டியிருந்தாலும் அவன் சொல்லக்கூடியது ஒன்றிருந்தது: உன் அக்கா பரீட்சையை விட்டாள் என்பதற்காக நான் ஏன் ஐந்து டொலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? அது தந்தையின் பழைய வாதமேயன்றோ. விளையாடுபவன் வாங்குவது தோணியை. தோணி வந்த வழியையன்று. ஆகவே விலையை அந்தத் தாளிலிருந்து எடுக்கலாகாது. 38,000 ரூபாதானே உன் செலவு என்று சொல்லுபவரிடமிருந்தும் எடுக்கலாகாது. தாள் அவனுக்குச் செய்த உதவி வேறு. தான் எதையும் போடாமல் கேட்பவன் என்ற கூச்சம் அவனை விட்டுப் போயிற்று. மூன்று மணி நேரம் ஒருவரைக் கால்வாயோரத்தில் அமர்த்தி, வற்றும் நீரில் எதைக் கைவிடுவதென்று எண்ண வைப்பதற்குக் கேட்கத்தக்க விலை யாது என்று மட்டும் இப்போது கேட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை காலை தாழ்வாரத்தில் கணினியைத் திறந்து, வெற்றுக் கட்டத்தில் 9.99 என்று இட்டான். நாட்டுக்கு நாடு விலையை வேறுபடுத்த அங்கே வசதியுண்டு. தெற்காசியாவுக்கெனத் தனிக் கட்டமொன்றும் இருந்தது. அதில் முதலில் 4.99 என்று இட்டு, காலி வீதி இறுவட்டுகளை நினைத்து 2.99 ஆக்கினான். பின்னர் அக்காவை நினைத்து 3.99 ஆக்கினான். அதற்கு மேல் அதைத் தொடவில்லை.

அவன் அழுத்தியை அழுத்தும்போது தந்தையின் மேசைக்கு முதலாவது வாடிக்கையாளர் வந்துவிட்டார். கையெழுத்தில் நெருக்கி எழுதப்பட்ட நான்கு தாள்கள். "இதை அடிச்சு எடுக்க எவ்வளவு ஐயா முடியும்?" என்று கேட்டார். தட்டெழுத்தாளர் தாள்களை வாங்கி, வரிகளுக்கிடையிலும் ஓரங்களிலும் நுழைத்து எழுதியிருந்தவற்றையெல்லாம் கண்ணால் அளந்து, அடித்தால் ஆறு பக்கம் வரும் என்று சொல்லி, பக்கத்துக்கான விலையைக் கூறினார்.